சாயத் தொழிலும் நொய்யல் நீரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)

  

யந்திரத் தொழிலிற் புகுந்துள்ள புதுமைகளையும் அவற்றின் இடர்களையும் பற்றிப் பேசுமாறு காரியதரிசியவர்கள் எமக்குக் கட்டளையிட்டனர். விஷயமோ கடல் போன்றது. யாம் ஒரு துறையில் மட்டும் இறங்குவோம். அது திருப்பூர்ச் சாயத் தொழில். அதனைத் தெரிந்தெடுத்தற்குக் காரணம் இச்சபையிலேயே அமர்ந்திருக்கின்றது. மேலாற்றிற் சாயப்பட்டறை வைத்தவரும் நம்மவர். கீழாற்றிலே தென்னை வைத்தவரும் நம்மவர். பெண் கொடுத்தும் கொண்டும் வருகின்ற இவ்விரு வீட்டாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கால், தண்ணீர் என்ற பேச்சை எடுக்கவே அஞ்சிய காலம் ஒன்று இருந்தது.

முதலில் தொழிலின் உள்வகையைச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1956-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு புதுவகைச் சாயம் விற்பனைக்கு வந்தது. அது நூலின்மேற் படிந்து நிற்பதன்று. நூலோடு ரசாயன முறையிற் பிணைந்துவிடுவது. ஆதலின் துவைத்தாலும் எளிதிற் போகாது. ஆனால், நீரில் நனைந்த பருத்திக்கும் அச்சாயத்துக்கும் ஒரே இனமான மின்னேற்றம் இருத்தலால், ஒன்றையொன்று தள்ளும். அத்தள்ளுதலைத் தணித்துச் சாயத்தை நூலருகே கொண்டு சேர்ப்பது உப்பு. பிறகு சலவைச் சோடாவைச் சேர்க்கப் பிணைப்பு நிகழும். உப்போ துணியில் தங்குவதில்லை. வந்த காரியம் முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். பிணையாது நின்ற சாயமும் உடன் செல்லும். கண்ணை உறுத்துவது நிறம். நிலத்தைக் கெடுப்பது உப்பு. இவ்வேற்றுமையை நாம் மிகத் தாமதமாகவே உணர்ந்தோம். முதலில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டு நிறத்தை வீழ்த்தின. உப்பு அவ்வாறே ஆற்றில் ஓடிற்று.

1992-ஆம் வருஷத்திற் சென்னிமலைப் பக்கத்து ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை எழும்பிற்று. பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயநீர்த் தொட்டியாய் முடிந்தது. அணையைத் திறந்து நீர் விடுங்கள் என்று உழவர் கேட்பது உலக வழக்கம். திறவாதீர்கள் என்று உழவர் மன்றாடியது அங்கேதான். எம் உறவினர் ஒருவர் வீட்டுக் கிணற்று நீரிற் பருப்பு வேகவில்லை. குரும்பைகள் பருக்குமுன் உதிர்ந்தன. அவ்வீட்டு அம்மையார் எம்மை நோக்கி, "உங்கள் பட்டறையிலே இன்றைக்கு என்ன நிறமோ, அதுதான் எங்கள் வாய்க்காலிலும்" என்றார். யாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல ஒன்றுமில்லை.

உழவர் வழக்காடினர். சென்னை உயர்நீதி மன்றத்தார் 2006-இல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே செல்லலாகாது என்னும் நிலையை எய்துமாறு கெடு விதித்தனர். சுப்ரீம் கோர்ட்டார் 2009-இல் அதனை உறுதி செய்து சில மாதத் தவணை கொடுத்தனர். அதுவும் கடந்தது. 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடுமாறு உத்தரவாயிற்று. அவ்வருஷம் திருப்பூரில் வேலையின்றி மூட்டை கட்டிக்கொண்டு ரெயிலேறிய குடும்பங்களை யாம் கண்டோம். சிலர் மறைவாக வேற்றூர்களுக்குச் சென்று அங்குள்ள வாய்க்கால்களிற் சாயநீரை விட்டனர் என்பதையும் மறைத்தல் தகாது. இத்துணை இன்னலுக்கும் பின்னரே, அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடனுதவியோடு, பொது நிலையங்கள் திருத்தமுற்றுப் பட்டறைகள் திறந்தன. பட்டறை வைத்திருப்போர் எம்மைப் பொறுத்தருள்க. இன்று நாம் பெருமையோடு வெளிநாட்டாருக்குக் காட்டும் யந்திரங்களை வரவழைத்தவர் நாமல்லோம், கீழாற்றுக் குடியானவர்களே.

அந்நிலையங்களில் நடப்பது யாது? நுண்ணுயிர்கள் முதலில் அழுக்கைத் தின்னும். பின்னர் மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரைப் பேரழுத்தத்தோடு செலுத்த, நன்னீர் அப்பாற் செல்லும். உப்புநீர் இப்பால் நிற்கும். நின்ற நீரை வரிசையாக வைத்த கொப்பரைகளிற் காய்ச்சுவர். ஒரு கொப்பரையின் ஆவி அடுத்ததைச் சூடாக்கும். நன்னீரும், மீட்ட உப்புநீரும் பட்டறைக்கே திரும்பும். இது மெய்யாகவே வியக்கத்தக்க வேலை. ஆயினும் அடுப்பில்லாமற் கொப்பரை கொதிக்குமா? வண்டி வண்டியாய் விறகு எரிகின்றது. இறுதியிற் பிரிக்கலாகாத கலப்புப்பும் சேறும் மூட்டைகளாய்க் கொட்டகையில் அடுக்கப்படுகின்றன. சேற்றிற் சிறிது சிமிட்டித் தொழிற்சாலைக்குப் போகின்றது. கலப்புப்பை வாங்குவோர் அரியர். ஆற்றை விட்டு விலக்கிய தீங்கை ஆகாயத்துக்கும் கொட்டகைக்கும் மாற்றினோமோ என்னும் ஐயம் எமக்கு உண்டு.

ஆதலின் எமது கருத்து இது: வாலில் எரிக்கும் விறகைத் தலையிலேயே மிச்சப்படுத்துதல் வேண்டும். துணி முதல் முறையிலேயே கேட்ட நிறத்துக்குப் பொருந்தாவிடில் மறுசாயம் இடுகின்றோம். அதற்கு மீண்டும் நீர், மீண்டும் உப்பு, மீண்டும் வெந்நீர். அத்தனையும் மீண்டும் கொப்பரைக்கு! நிறத்தை ஒளியால் அளந்து எண்ணாகச் சொல்லும் கருவியும், சாயத்தையும் சோடாவையும் குறித்த நேரத்திற் குறித்த அளவு தாமே விடுகின்ற யந்திரமும் இம்மறுசாயத்தைப் பெரிதும் குறைக்கின்றன. பழைய வின்சுத் தொட்டியில் ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். புது யந்திரங்களில் ஐந்தாறு லிட்டர் போதும். நீர் குறையின் உப்பும் குறையும். உப்பே வேண்டாத முறையும் உண்டு: குளிர்ந்த சாயத்திலே துணியைத் தோய்த்துப் பிழிந்து, உருளையிற் சுற்றி, மூடி, இரவெல்லாம் மெல்லச் சுழலவிடுவது. பின்னலாடைத் துணி ஓரஞ் சுருளுந் தன்மையது, இழுத்தால் நீளும். அதனால் இம்முறை நம்மவரிடம் இன்னும் பரவவில்லை.

நாற்பது வருஷம் கண்ணால் நிறம் பார்த்த சாய மாஸ்டர் ஒருவர், "பெட்டி வந்து எனக்குப் புத்தி சொல்லுமா?" என்று எம்மிடம் வருந்தினார். அவர் கண்ணுக்கு யாம் தலை வணங்குகின்றோம். ஆனால் மாலை மங்கலிலும், களைப்பிலும், மருமகன் வீட்டுக் கவலையிலும் அக்கண் ஒரேவிதமாய்ப் பார்க்குமோ?

பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் போதும் என்று எண்ணுவோர்க்கும் ஒரு செய்தி. ஒரு பட்டறையிற் கழிவுநீரின் காரத்தை அளக்கும் கருவி நாள்தோறும் ஏழு என்றே காட்டிற்று. முதலாளிக்குப் பெருமகிழ்ச்சி. யாம் அக்கருவியின் முனையை எடுத்துப் பார்த்தோம். மாதக்கணக்கிற் கழுவப்படாமல் விரற்கடைச் சேறு படிந்திருந்தது. அதனைக் குடிநீரில் வைத்தாலும் ஏழு, சோடா நீரில் வைத்தாலும் ஏழு! விலை கொடுத்து வாங்கினர். கழுவ ஓர் ஆள் வைக்கவில்லை.

நிறமளக்கும் கருவியைச் சிறு பட்டறைக்காரர் தனித்து வாங்க இயலாது. பதின்மர் கூடினால் இயலும். அக்கருவிகளைப் பேணக் கற்ற பிள்ளைகளும் நமக்குள் மிகச் சிலரே. ஆகவே, கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்கு இரு பிள்ளைகளைக் கருவி பேணும் தொழில் பயில அனுப்பவும், அவர்களில் ஒருவர் கீழாற்றுக் குடும்பத்தவராய் இருக்கவும், பொதுச் சோதனைச் சாலை ஒன்றுக்குப் பங்கு சேர்க்கவும் காரியக் கமிட்டியாரை வேண்டுகின்றோம். கமிட்டி இன்று மாலை 4 மணிக்குக் கூடுகின்றது. பங்கு சேர விரும்புவோர் கையெழுத்திடுதற்குரிய தாள், வாயிலண்டை மேஜைமேல் வைக்கப்பட்டுள்ளது. எமது பெயரை முதலில் எழுதியிருக்கின்றோம்.