ஓர் எண் உரைக்கும் உண்மை
(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



4294967297 என்னும் பேரெண்ணைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். நானூற்றிருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது நூறாயிரத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு! முப்பத்திரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்று கூட்டினால் வருவது இது.

ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். பகுக்கலாகாதது பகா, சொல்லே பொருளை உணர்த்தி நிற்கின்றது. பகுபடுவது பகு எண். நம் பேரெண் பகாவா, பகுவா? இதுவே வினா.

பிரெஞ்சு நாட்டுப் பெர்மா, தொழிலால் வழக்குமன்றத்தார், எண்ணாய்விலோ ஒப்பற்றவர். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்லும் எண்ணிக்கையில் இரண்டுகளைப் பெருக்கி, ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என ஐந்து எண்கள் வந்தன. ஐந்தும் பகா எண்களே! இவ்வரிசை என்றும் பகா எண்களையே தரும் என 1640இல் மடலொன்றில் எழுதினார். அதனை நிறுவத் தம்மால் இயலவில்லை என்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

அவ்வரிசையின் ஆறாம் எண்ணே நம் பேரெண். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1732இல், சுவிசு நாட்டில் பிறந்த ஆய்லர் அதனைப் பகுத்துக் காட்டினார்: 641 × 6700417. பேரறிஞரின் கருத்து ஒரே பெருக்கலில் வீழ்ந்தது!

இக்கணக்கை நாமே ஆராயலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16உம் ஆகும். 5 × 128ஐ 641ஆல் வகுக்க ஒன்று குறைகின்றது. அத்தகைய நான்கைப் பெருக்கினால் குறை நீங்கி மீதி ஒன்றாகும். அப்பெருக்குத்தொகை, 625உம் இருபத்தெட்டு இரண்டுகளும் சேர்ந்தது. 625 என்பதோ 641இல் 16 குறைந்தது. 16 என்பது நான்கு இரண்டுகளின் பெருக்கம். ஆகவே முப்பத்திரண்டு இரண்டுகளின் பெருக்கத்தை 641ஆல் வகுக்க, மீண்டும் ஒன்று குறையும். அக்குறையை நிரப்பும் ஒன்றைக் கூட்டினால் மீதியில்லை. நெடிய வகுத்தலின்றியே உண்மை விளங்கிவிட்டது!

இதனால் பெர்மா சிறியர் ஆகிவிட்டாரா? இல்லை. அவர் வரிசையிலுள்ள பகா எண்களுக்கும் வடிவ வரைவுக்கும் உள்ள தொடர்பைச் செருமானிய அறிஞர் கௌசு கண்டார். பதினேழு ஒத்த பக்கங்களையுடைய ஒழுங்குருவை வரைகோலும் கவராயமும் கொண்டே வரையலாம் என 1796இல் நிறுவினார். ஆயினும், 65537க்கு மேல் அவ்வரிசையில் மற்றொரு பகா எண் இன்றளவும் கிட்டவில்லை. இனிக் கிட்டாது என்றும் எவரும் நிறுவவில்லை.

ஐந்து சான்றுகள் ஒரு நெறியை நிலைநாட்டா. உரைத்தவரின் பெருமையும் அதனை நிலைநாட்டாது. நிறுவப்பட்டதே மெய், நிறுவப்படாதது எத்துணை அழகியதாயினும் கருத்தே.

இளைஞர்களே! என் சொல்லையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து, அவ்விரு எண்களையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.