பார்க்காத ஃபங்ஷனை எப்படி நம்புறது?

இந்த எபிசோட்ல ஸ்டாட்டிக் அனலைசர் பத்திப் பேசப் போறோம். புரோகிராமை ரன் பண்ணாமலே, கோட் படிச்சே பக் கண்டுபிடிக்கிற டூல். கிளாங் ஸ்டாட்டிக் அனலைசர், மெட்டாவோட இன்ஃபர், கவரிட்டி, கோட்கியூஎல்னு இதுல ஏதாவது ஒண்ணு உங்க ஆபீஸ் பைப்லைன்லயும் ஓடிக்கிட்டு இருக்கலாம்.

இதுல நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு கேள்வி. அனலைசர் வரி வரியா படிச்சுக்கிட்டே வருது. நடுவுல ஒரு ஃபங்ஷன் கால். அந்த ஃபங்ஷனோட உள்பக்கம் அதுக்குத் தெரியாது. அப்ப அது என்ன முடிவு எடுக்கும்?

முதல்ல, ஏன் தெரியாம போகுது? மூணு காரணம். ஒண்ணு, ஃபங்ஷன் வேற ஃபைல்ல இருக்கு. கிளாங் அனலைசர் வழக்கமா ஒரு நேரத்துல ஒரு ஃபைலைத்தான் பார்க்கும். ரெண்டு, அது ஒரு லைப்ரரிக்குள்ள இருக்கு. சோர்ஸ் கையில இல்ல, கம்பைல் ஆன பைனரி மட்டும்தான். மூணு, ஃபங்ஷன் பாயிண்டர் வழியா கால் பண்றோம். ஓடுற நேரத்துலதான் எந்த ஃபங்ஷன்னே முடிவாகும். சின்ன புராஜெக்ட்லகூட இந்த மூணும் இருக்கும்.

சரி, ஒரு உதாரணம். ஆர்டர்னு ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கு, அதுல எத்தனை பொருள்னு ஒரு எண். அது ஜீரோ இல்லன்னு செக் பண்ணிட்டீங்க. அடுத்த வரியில அந்த ஆர்டரோட பாயிண்டரை, வேற ஃபைல்ல இருக்குற ஒரு அப்டேட் ஃபங்ஷனுக்குக் கொடுக்குறீங்க. அதுக்கு அடுத்த வரியில மொத்த விலையை அந்த எண்ணால வகுக்குறீங்க. இது சேஃபா?

அனலைசர் "அந்த ஃபங்ஷன் என்ன வேணாலும் பண்ணியிருக்கலாம்"னு நினைச்சா, "ஜீரோவால வகுக்குறீங்க, ஜாக்கிரதை"ன்னு வார்னிங் கொடுக்கணும். தப்பு இல்ல. ஆனா இதே மாதிரி ஒவ்வொரு காலுக்கும் வார்னிங் வந்தா யாரும் படிக்க மாட்டாங்க. மாத்தி, "அந்த ஃபங்ஷன் எதையும் தொடல"ன்னு நினைச்சா அமைதியா போயிடும். உண்மையிலேயே அந்த ஃபங்ஷன் எண்ணை ஜீரோ ஆக்கினா, பக் புரொடக்‌ஷனுக்குப் போயிடும்.

கிளாங் ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி எடுக்குது. கால் முடிஞ்சதும், அந்த எண்ணைப் பத்தி முன்னாடி தெரிஞ்சதை எல்லாம் மறந்துடும். ஆனா "எனக்குத் தெரியல" என்பதை மட்டும் வெச்சு புகார் சொல்லாது. அப்புறம் நீங்களே "ஜீரோவா?"ன்னு செக் பண்ணினா, ரெண்டு பாதையிலயும் போய்ப் பார்க்கும். எதை மறக்கணும் என்பதுலயும் கணக்கு இருக்கு. அட்ரஸ் வெளியே போகாத லோக்கல் வேரியபிளை மறக்காது. பாராமீட்டர் கான்ஸ்ட் பாயிண்டரா இருந்தா, அது காட்டுற இடத்தையும் மறக்காது. அதாவது நீங்க போடுற ஒரு கான்ஸ்ட், அனலைசரோட ஞாபகத்தையே மாத்துது.

மெமரி லீக்லயும் இதே கதைதான். மால்லாக் பண்ணின பாயிண்டரைத் தெரியாத ஃபங்ஷனுக்குக் கொடுத்தா, "அங்க யாராவது ஃப்ரீ பண்ணியிருக்கலாம்"னு அதைப் பின்தொடர்றதையே நிறுத்திடும். வார்னிங் வரல. ஆனா லீக் இல்லைன்னும் அது சொல்லல. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ஏன் இவ்வளவு தயக்கம்? கவரிட்டியை உருவாக்கினவங்க 2010-ல சிஏசிஎம் இதழ்ல தங்களோட அனுபவத்தை எழுதினாங்க. பொய் வார்னிங் 30 சதவீதத்தைத் தாண்டினாலே பிரச்சனை ஆரம்பிச்சிடுது, ஆளுங்க டூலையே கண்டுக்கறது இல்லன்னு அதுல சொல்றாங்க. அதனால தெரியாத இடத்துல வாயை மூடிக்கிறது டெவலப்பர்களைத் தக்கவெச்சுக்கிற வழியும்தான்.

ஆனா எப்பவும் வாயை மூட முடியாது. அதனால அடுத்த வழி, அனலைசருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. இதைத்தான் மாடல்னு சொல்றாங்க. எஃப்ஓப்பன் நல் திருப்பலாம், மெம்காப்பி இத்தனை பைட் எழுதும்ங்கிற மாதிரி, உண்மையான கோட் இல்லாம ஃபங்ஷனோட நடத்தையை மட்டும் சுருக்கிச் சொல்றது. ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு டூல் எழுதினவங்களே மாடல் கொடுத்துடுவாங்க. உங்க டீம் எழுதின ராப்பருக்கு யாரு கொடுப்பா? நீங்கதான்.

எங்க டீம் கோட்ல "டை"ன்னு ஒரு ஃபங்ஷன் உண்டு. எரர் மெசேஜ் பிரிண்ட் பண்ணிட்டு புரோகிராமையே முடிச்சிடும். பாயிண்டர் நல்லா இருந்தா டை, அடுத்த வரியில அந்த பாயிண்டரைப் பயன்படுத்துறோம். மனுஷன் படிச்சா எந்தப் பிரச்சனையும் இல்ல. அனலைசருக்கு டை-யோட உள்பக்கம் தெரியாததால, அது திரும்பி வரும்னு நினைச்சு, நல் பாயிண்டர் வார்னிங் கொடுத்துக்கிட்டே இருந்துச்சு. டிக்ளரேஷன்ல நோரிட்டர்ன்னு ஒரு வார்த்தை சேர்த்தோம், எல்லாம் போயிடுச்சு.

ஆனா மாடல்ல பொய் சொன்னா அனலைசர் அப்படியே நம்பிடும். சில சமயம் கம்பைலரும் சேர்ந்து நம்பிடும். ஜிசிசியில ஒரு பாராமீட்டருக்கு நான்நல்னு போட்டா, "இது நல் ஆகவே ஆகாது"ன்னு எடுத்துக்கிட்டு, நீங்க எழுதின நல் செக்கையே தேவையில்லைன்னு ஆப்டிமைசர் தூக்கிடலாம். அதனாலதான் கிளாங்ல அனலைசர் நோரிட்டர்ன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. அது அனலைசரோட எண்ணத்தை மட்டும் மாத்தும், உருவாகுற பைனரியைத் தொடாது.

யாரும் மாடல் எழுதலன்னா? அதுக்கு ஒரு வழியை 2001-ல ஸ்டான்ஃபோர்டுல டாசன் எங்லரும் அவரோட மாணவர்களும் காட்டினாங்க. ஃபங்ஷனோட உள்ள பார்க்க முடியலையா, அதைக் கூப்பிடுறவங்களைப் பாரு. ஒரு ஃபங்ஷனை நூறு இடத்துல கூப்பிடுறாங்க, 99 இடத்துல ரிட்டர்ன் வேல்யூ நல்லான்னு செக் பண்றாங்கன்னா, அது நல் திருப்பும்னு அந்த 99 பேரும் நம்புறாங்க. செக் பண்ணாத அந்த நூறாவது இடம்தான் சந்தேகம். மழைத் தண்ணி தேங்கின ரோட்டுல எல்லா பைக்கும் ஒரு இடத்துல ஒதுங்கிப் போனா, குழியை நாம பார்க்காமலே குழி இருக்குன்னு தெரிஞ்சுக்குறோம்ல, அதே மாதிரி.

இப்ப பெரிய கேஸுக்கு வருவோம். ஹார்ட்பிளீட். 2014 ஏப்ரல் 7-ல வெளியே வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் பக். 2012 மார்ச்ல வந்த 1.0.1 வெர்ஷன்லேருந்தே உள்ள இருந்துச்சு. ஹார்ட்பீட் என்பது "நான் அனுப்புற இந்த டேட்டாவை அப்படியே திருப்பி அனுப்பு, இதோட நீளம் இவ்வளவு"ன்னு கேக்குற ஒரு மெசேஜ். நீளம் ரெண்டு பைட்ல வரும், அதிகபட்சம் 65,535. அனுப்பினது ஒரே ஒரு பைட், நீளம் மட்டும் 65,535-ன்னு பொய் சொன்னா? சர்வர் செக் பண்ணல. மெம்காப்பி பக்கத்து மெமரியையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துடும். அதுல பாஸ்வேர்ட் இருக்கலாம், பிரைவேட் கீகூட இருக்கலாம்.

கவரிட்டி இதைப் பிடிக்கல. மெம்காப்பிக்கு அதுகிட்ட மாடல் இருந்துச்சு. வெளியாள் கட்டுப்படுத்துற நீளம் அங்க போனா ஆபத்துன்னு அதுக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா, அந்த நீளம் வெளியிலேருந்து வந்ததுன்னு. ஓப்பன்எஸ்எஸ்எல்ல நெட்வொர்க் டேட்டா, பயோன்னு ஒரு லேயர் வழியா, ஃபங்ஷன் பாயிண்டர்களைத் தாண்டித்தான் உள்ள வருது. அந்தப் பாதை அனலைசர் கண்ணுக்கு மறைஞ்சு போச்சு.

அந்தப் பக் வெளியான சில நாள்லயே கவரிட்டியோட இணை நிறுவனர் ஆண்டி சௌ ஒரு வழியை எழுதினார். 2001 ஆய்வுல எங்லரோட வேலை செஞ்சவங்கள்ல அவரும் ஒருத்தர். நெட்வொர்க்ல எண்கள் வர்ற பைட் வரிசை வேற, நம்ம லேப்டாப் பிராசசர் வெச்சிருக்குற வரிசை வேற. அதனால வெளியிலேருந்து வந்த எண்ணை எடுக்குற கோட், பைட்டுகளை ஷிஃப்ட் பண்ணி மறுபடி அடுக்கும். ஹார்ட்பிளீட் கோட்லயும் நீளத்தை அப்படித்தான் எடுத்திருந்தாங்க. டேட்டா எந்த வழியா வந்துச்சுன்னு தேட வேணாம். யாராவது பைட்டை இப்படி அடுக்குறாங்கன்னா, அவங்க அதை வெளி டேட்டான்னு நம்புறாங்கன்னு எடுத்துக்கோ. இந்த ஒரு ஊகத்தைச் சேர்த்ததும், அனலைசர் ஹார்ட்பிளீட் வரியைக் காட்டிடுச்சு. பாதை முழுக்கத் தெரியணும்னே இல்ல. எழுதினவங்க விட்டுட்டுப் போன தடயம் போதும்.

இதுலேருந்து நாம எடுத்துக்க வேண்டியது மூணு விஷயம்.

முதல்ல, புரோகிராமை முடிக்கிற, மெமரியை விடுவிக்கிற, நல் திருப்புற ராப்பர் எல்லாத்துக்கும் டிக்ளரேஷன்லயே அதைச் சொல்லிடுங்க. கான்ஸ்ட் போட முடிஞ்ச இடத்துல போடுங்க. ஃபங்ஷன் மாறும்போது அந்த வார்த்தை இன்னும் உண்மைதானான்னு ரிவ்யூல கேளுங்க.

ரெண்டாவது, வெளி டேட்டா உள்ள நுழையுற இடத்தை டூலுக்குக் காட்டுங்க. உங்க டீமே எழுதின ஹெச்டிடிபி லேயரோ மெசேஜ் க்யூவோ டூலுக்குத் தானா தெரியாது. கோட்கியூஎல்ல இதை ஒரு யாமல் ஃபைல்ல எழுதலாம், புதுசா குவெரி எழுத வேண்டியதில்ல.

மூணாவது, ரிப்போர்ட்ல "0 வார்னிங்"னு வந்தா உடனே சந்தோஷப்படாதீங்க. எந்த ஃபங்ஷனையெல்லாம் அது பார்க்காம தாண்டிப் போச்சுன்னு கேளுங்க. ஃபைல் தாண்டிப் பார்க்குற வசதி கிளாங்ல இருக்கு; கோட்செக்கர் வழியா ஆன் பண்ணலாம், நேரம்தான் கொஞ்சம் கூட எடுக்கும். லீக் உதாரணத்துல பார்த்தோமே, வார்னிங் வரலன்னா பக் இல்லைன்னு அர்த்தம் இல்ல. அந்த இடத்துல டூல் ஒண்ணை நம்பி நகர்ந்திருக்கு, அவ்வளவுதான். எதை நம்பணும்னு சொல்ற வேலை நம்மளோடது.

நாளைக்கு ஆபீஸ்ல உங்க டீமோட ராப்பர் ஹெடர் ஃபைல் ஒண்ணைத் திறந்து பாருங்க. அதை மட்டும் படிச்சு, உள்ள என்ன நடக்கும்னு உங்களால சொல்ல முடியுதான்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.