புத்தொழிலும் துணைவரும் முதலும்
(லவ்டேலில் மாணவர், பெற்றோர் முன் நிகழ்த்தப்பெற்ற உரை)



லவ்டேல் நிலையத்தைக் கடந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலை அறியாதார் இலர். அப்பாதை அமைக்கும் எண்ணம் 1854இல் எழுந்தது. வேலை 1891இல் தொடங்கிற்று. முழுமையும் நிறைவேறியது 1908இல். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமையாதலால், தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் பதிக்கப்பட்டது. எஞ்சினின் பல்சக்கரம் அதனைப் பற்றி ஏறுகிறது. குன்னூருக்கு மேல் அச்சட்டம் இல்லை. வண்டி தன் சக்கரங்களின் பிடியிலேயே லவ்டேல் வழியாக உதகையை அடைகிறது. இளைஞர் தொடங்கும் புத்தொழிலுக்குப் பிறர் தரும் முதலீடும் இத்தகையதே. கடும் ஏற்றத்தில் அது வேண்டும். பயணம் முழுவதும் அதையே பற்றிக்கொண்டு செல்ல இயலாது.

இதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்றாகப் பயின்ற தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவரும் 2012இல் பட்டம் பெற்று, வெவ்வேறு நிறுவனங்களில் பணியேற்றனர். பின்னர் அவ்வேலைகளைத் துறந்து 2013இல் ஏத்தர் எனர்ஜி நிறுவனத்தைத் தொடங்கினர். மின்வண்டிகளுக்கு நல்ல பேட்டரி செய்து தருவதே அவர்தம் முதல் எண்ணம். அன்றைய ஸ்கூட்டர்களை ஆராய்ந்தபின், பேட்டரியை மட்டும் மாற்றிப் பயனில்லை, வண்டியையே புதிதாக வடிவமைத்தல் வேண்டும் என்று தெளிந்தனர்.

திட்டம் இவ்வாறு மாறும் வேளையில்தான் துணைவரின் தன்மை புலப்படும். மேத்தா தலைமை நிர்வாகப் பொறுப்பையும் ஜெயின் தொழில்நுட்பப் பொறுப்பையும் ஏற்றனர். எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம் என்பது நட்பின் பேச்சு. இன்ன செயலில் இன்னார் சொல்லே முடிவு என்பது தொழிலின் பேச்சு. நட்பு நிலைக்கவும் இந்த இரண்டாம் பேச்சே துணைசெய்யும்.

பணம் வந்த முறையும் கருதத்தக்கது. 2014 பிப்ரவரியில் ஐ.ஐ.டி. வழியாகவும் முன்னாள் மாணவர் ஒருவர் வாயிலாகவும் கிடைத்தது 45 லட்சம் ரூபாய். அவ்வாண்டின் இறுதியில் ஃபிளிப்கார்ட் நிறுவனர் இருவர் 10 லட்சம் டாலர் அளித்தனர். 2015இல் டைகர் குளோபல் 1 கோடியே 20 லட்சம் டாலர் முதலிட்டது. 45 லட்சத்தில் தொழிற்சாலை எழாது. ஆயினும், எண்ணம் செயலாகும் என்று காட்ட அது உதவும். ஒவ்வொரு தவணைப் பணமும் ஓர் ஐயத்தைத் தீர்த்தால்தான் அடுத்த தவணை வரும். 2016இல் காட்சிக்கு வந்த வண்டி 2018இல்தான் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது 2025 மே மாதத்தில். இடைப்பட்ட ஆண்டுகளின் பொறுமையும் முதலீட்டில் ஒரு பங்கே.

இளைஞர்கள் கைக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்றுண்டு. கூட்டாளிகளின் பங்குகளை முதல்நாளே முழுவதும் உரிமையாக்காமல், நான்காண்டுகளில் சிறிது சிறிதாக உரிமையாகும்படி எழுதிக்கொள்வது அது. ஓராண்டில் ஒருவர் மேற்படிப்புக்குச் சென்றுவிட்டாலும், தங்கி உழைப்பவர் வருந்த நேராது.

பெற்றோர் சிந்திக்க வேண்டியது இன்னும் நுட்பமானது. பிள்ளைக்குத் தரும் பணம் கடனா, கொடையா, பங்கா என்பதை அன்றே தாளில் எழுதிவிடுதல் நலம். எழுதாத பணம், தொழில் தளர்ந்த நாளில் குற்றச்சாட்டாக மாறுகிறது, உடன்பிறந்தாரிடையே கணக்காகிறது. இழந்தாலும் வீடும் மற்றப் பிள்ளைகளின் படிப்பும் நிலைகுலையாத அளவே தருதல் வேண்டும். அதற்கு மேற்பட்ட தேவைக்குத் தமிழ்நாடு அரசின் டான்சீட் போன்ற தொடக்கநிதித் திட்டங்களை நாடலாம். அங்கு அயலார் கேட்கும் கடுமையான வினாக்கள், அன்பினால் வீட்டில் கேட்கப்படாத வினாக்களே ஆகும்.

தொழில் வீழ்ந்தால் மீண்டும் தொடங்கலாம். அதன்பொருட்டு உறவு முறிந்தால் மீட்பது அரிது. முதலை எண்ணித் தருவோரும், பொறுப்பைப் பகுத்து ஏற்போரும் இவ்விரண்டையும் காப்பர்.