பாட்டும் பாடும் ஓய்வும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழா மாலையில், இசை நிகழ்ச்சிக்கு முன் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கு நாளைக் காலை பரிசோதனை முகாம் இருக்கிறது. வெறும் வயிற்றோடு வாருங்கள். இன்று எமக்குத் தரப்பட்டிருப்பது பாட்டுக் கச்சேரிக்கு முந்திய இருபது நிமிடம். ஆகவே பாடுகிறவர்களைப் பற்றியே பேசுவோம். அதிலும், எந்தப் பெரிய நிறுவனத்தின் கையையும் எதிர்பாராமல், தன் பாட்டைத் தானே ஆக்கி, தானே ஒலிப்பதிவு செய்து, தானே ஊருக்குச் சொல்லி விற்றுச் சீவிக்கும் கலைஞரைப் பற்றி.

எமது கல்லூரிப் பிள்ளைகளிற் சிலர் இன்று இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கொழும்பிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அக்கா முறை கொண்டாடி எம்மிடம் தொண்டையைக் காட்டவும் வருகிறார்கள். வந்தால் முதலிற் சொல்வது தொண்டையைப் பற்றி அல்ல. "அக்கா, நித்திரை இல்லை" என்பதுதான் முதற் பேச்சு.

எமது வகுப்பார் படித்த காலத்தில் சங்கீதம் என்றால் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை. தரம் தரமாக ஏறுவோம். பரிசளிப்பு விழாவில் பாடுவோம். உயர்தரம் வந்ததும் தம்புரா உறைக்குள் போய்விடும். அதையே தொழிலாகச் செய்யலாம் என்று வீட்டிலும் சொல்லவில்லை, வெளியிலும் சொல்லவில்லை. ஒலிப்பதிவு என்பது வேறு யாரோ, எங்கோ செய்வது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் தயவில் நாம் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பாடகியின் குரல் இழுபட்டு ஆண்குரலாகிவிடும். இங்கே சிரிக்கிறவர்கள் எல்லாரும் எமது வயதுக்காரர் என்பது தெரிகிறது.

இந்த விடயத்தைச் சொல்வதற்கு மாயா அருள்பிரகாசத்தை, அதுதான் எம்.ஐ.ஏ.யை, உதாரணம் காட்டுவோம் என்று இளையவர்கள் நினைத்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை. 2003 இல் அவருடைய முதற் பாடல் வெறும் 500 பிரதிகளாகத்தான் வெளிவந்தது. ஆனால் அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். கனடாவில் வாழும் எமது அக்காமாருக்கு அருகிலேயே இருக்கும் இன்னொருவரைச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் லொறீனா மக்கெனிற்.

1957 இல் மனிற்றோபா மாகாணத்தில் பிறந்தவர். மிருக வைத்தியராக வேண்டும் என்றிருந்தவர். இசை அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்ராறியோவில் ஸ்ராற்போட் என்ற ஊரில் குடியேறி, ஹார்ப் வாசித்துக் கெல்டியப் பாடல்கள் பாடினார். ஹார்ப் என்பது எமது யாழின் ஒன்றுவிட்ட சகோதரி. எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கும் வாத்தியத்தை நாம் நூதனசாலையில் தேட, அந்த அம்மா தெருவில் வைத்து வாசித்தார். தெருவில் என்பது உண்மையாகவே தெருவில்தான். ரொறன்ரோ சென் லோறன்ஸ் சந்தையடியில் நின்று வாசித்து, தன் ஒலிநாடாக்களை விற்றார்.

1985 இல் தன் முதல் இசைத்தொகுப்பை ஒரு வாரத்தில், ஒரு பழைய களஞ்சியக் கொட்டிலில் அமைந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் முடித்தார். அதே ஆண்டு குவின்லன் ரோட் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். சொந்தமாக ஒலிப்பதிவு செய்து விற்பது எப்படி என்று டயான் ராப்பபோர்ட் என்னும் பெண்மணி எழுதிய கையேடு ஒன்றை வாசித்து, அதில் உள்ளபடி நடந்தாராம். பரீட்சைக்குக் குறிப்புப் புத்தகம் மனனம் செய்த எமக்கு இது விளங்கும். பிற்காலத்தில் வோர்னர் போன்ற பெரிய நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தபோதும் குவின்லன் ரோட்டை அவர் கைவிடவில்லை. உலகம் முழுவதும் அவருடைய இசைத்தொகுப்புகள் ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன.

ஒலிப்பதிவு இந்தத் தொழிலின் இனிமையான பகுதி. இன்றைக்கு அதற்குக் கொட்டிலும் வேண்டாம். ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல ஒலிவாங்கி, மெத்தையும் போர்வையும் தொங்கவிட்ட ஓர் அறை போதும். அதன் பிறகுதான் பாடு தொடங்குகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடு எடுக்கவேண்டும். அட்டைப்படம் செய்யவேண்டும். ஸ்பொற்றிபை போன்ற தளங்களுக்கு அனுப்பவேண்டும். அங்கே 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சதமும் கிடையாது. ஆயிரம் வந்தாலும் கிடைப்பது ஒரு நல்ல சாப்பாட்டுக்குக் காணுமா என்பது எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாண்ட்காம்ப் என்னும் தளம் பரவாயில்லை. பாட்டை விலைக்கு விற்று, நூற்றுக்குப் பதினைந்து வீதத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கேயும் வாங்குகிறவரை நாம்தான் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

எப்படிக் கூட்டிக்கொண்டு வருவது? காலையில் இன்ஸ்ரகிராமில் ஒரு சிறு காணொளி, மத்தியானம் வானொலிக்குச் செவ்வி, இரவு பதினொரு மணிக்கு வேறொரு நாட்டு நேரத்துக்கு நேரலை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினாலும் படம் போடவேண்டும்; கடற்கரைக்குப் போனாலும் கைத்தொலைபேசியை நிறுத்திவைத்து இரண்டு வரி பாடவேண்டும். ஓய்வு எடுப்பதும் விளம்பரமாகிவிடுகிறது. எம்மிடம் வந்த ஒரு தங்கை சொன்னாள்: "கிழமையில் ஒரு நாள் பாட்டு, ஆறு நாள் பாட்டைப் பற்றின கதை."

இந்த இடத்தில் வைத்தியராகச் சில வார்த்தை சொல்லியே ஆகவேண்டும்.

சாதாரணமாகக் கதைக்கும்போது ஒரு பெண்ணின் குரல்நாண்கள் இரண்டும் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ இருநூறு தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மணித்தியாலம் இடைவிடாது கதைத்தால் ஏழு இலட்சத்துக்கு மேல். பாடகியின் தொண்டையைப் பாட்டுத்தான் கெடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முறையாகக் கற்றவர் பாடும்போது குரலைக் காப்பாற்றத் தெரிந்தவர். கெடுவது கச்சேரி முடிந்தபின் இரைச்சலான மண்டபத்தில் இறுவட்டு விற்கும் மேசையடியில் நின்று ஒவ்வொருவரோடும் உரத்துக் கதைப்பதால். விமானத்தின் வறண்ட காற்றால். நள்ளிரவில் கொத்துரொட்டி சாப்பிட்டு உடனே படுப்பதால் மேலெழும் இரைப்பை அமிலத்தால். குரல் அடைத்தால் குசுகுசுக்கச் சொல்லிப் பாட்டிமார் சொல்வார்கள். அழுத்திக் குசுகுசுப்பதும் குரல்நாணுக்கு வேலைதான். வாயை மூடியிருப்பதுதான் மருந்து. அது தங்கைமாருக்கு எழுதிக் கொடுக்கக் கஷ்டமான மருந்து.

காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்றால், 88 இல் நான்கு, 91 இல் இரண்டு. மூன்று மூன்றாக ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். காதில் ஒலிகேட்பியைப் போட்டு இரவிரவாகத் தன் பாட்டைச் செம்மைப்படுத்துகிறவருக்கு இந்தக் கணக்கு நினைவில் இருக்காது. காதுக்குள் இரைச்சல் தொடங்கிய பிறகுதான் வருவார்கள். உட்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை இறந்தால் திரும்ப முளைப்பதில்லை.

2011 இல் அடேல் என்ற புகழ்பெற்ற பாடகி நிகழ்ச்சிகளை இரத்துச் செய்துவிட்டுக் குரல்நாணில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அவருக்குப் பின்னால் நிறுவனமும் முகாமையாளரும் இருந்தார்கள். தனித்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு மாதம் பாடாவிட்டால் வாடகை இல்லை. ஆகவே "ஒரு மாதம் ஓய்வெடும்" என்று நாம் எழுதிக் கொடுக்கும்போது, எழுதுகிற கைக்கே அது வெறும் கடதாசி என்று தெரிகிறது. அந்த மாதத்தை அவளுக்கு யார் கொடுப்பது?

மக்கெனிற் அம்மாவின் கதைக்கு மீண்டும் வரவேண்டியது இதனால்தான். 1997 இல் அவருடைய இசைத்தொகுப்பு ஒன்று இலட்சக்கணக்கில் விற்றது. வானொலிகளில் எல்லாம் அவர் குரல். மறு ஆண்டு, 1998 இல், அவர் மணக்கவிருந்தவரும், அவருடைய சகோதரரும், நண்பர் ஒருவரும் ஜோர்ஜியன் குடாவில் படகு விபத்தில் மூழ்கி இறந்தார்கள். புகழின் உச்சியில் நிற்கும் ஒருவரிடம் இந்தத் தொழில் கேட்பது, உடனே அடுத்த பாட்டு. அவர் மேடையிலிருந்து விலகினார். ஏற்கெனவே பதிவாகியிருந்த நேரடிக் கச்சேரி ஒன்றை 1999 இல் வெளியிட்டு, அதன் வருமானத்தை நீர்ப் பாதுகாப்புக்கும் தேடி மீட்கும் பணிக்கும் தாம் தொடங்கிய நிதியத்துக்குக் கொடுத்தார். அடுத்த புதிய கலையக இசைத்தொகுப்பு வந்தது 2006 இல். இடையில் ஒன்பது ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் அவரைப் பட்டினி போடாதது எது? அவர் முன்பு பதிந்த பாட்டுகள். அவை அவருடைய சொத்து. 1985 இல் கொட்டிலில் பதிந்ததும் அவருடையதே. எமது தாய்மார் தாலிக்கொடியையும் காணி உறுதியையும் எங்கே வைத்தார்கள் என்று மறக்கமாட்டார்கள். பாடும் பிள்ளைக்கு மூல ஒலிப்பதிவின் உரிமை அந்தக் காணி உறுதி மாதிரி. அதைக் கொடுத்துவிட்டால் குத்தகை நிலத்தில் உழுவதுதான். வைத்திருந்தால், துக்கம் வரும்போதோ குரல் களைக்கும்போதோ, பிள்ளை பெற்றுக் கிடக்கும்போதோ வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். சுயாதீனக் கலைஞர் என்கிறோமே, அந்தச் சுயாதீனத்தின் பயன் இங்கேதான் என்பது எமது எண்ணம். எப்போது பாடுவது என்று தீர்மானிக்கப் பலருக்கு முடியும். எப்போது பாடாமல் இருப்பது என்று தீர்மானிக்க முடிந்தவர் மிகக் குறைவு.

அந்த அம்மா தன் மௌனத்தைக் காக்க நீதிமன்றமும் ஏறினார். முன்னாள் தோழி ஒருவர் அவருடைய தனிவாழ்வைப் பற்றி நூல் வெளியிட்டபோது வழக்குத் தொடுத்தார். 2005 இல் இலண்டன் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்று தனிமனித அந்தரங்கம் பற்றிப் படிக்கும் சட்ட மாணவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். எமது சட்டத்தரணித் தோழியர் தலையாட்டுவது தெரிகிறது. பிறகு 2018 இல், தகவல் களவு பற்றிய செய்திகள் வந்த நேரம், ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பின்தொடர்ந்த தன் முகநூல் பக்கத்தை மூடப்போவதாக அறிவித்தார். இளம் கலைஞர் ஒருவர் அப்படிச் செய்யலாமா என்றால், செய்யமுடியாது. அவர் முப்பது வருடம் முன்னதாகவே சந்தையடியில் நின்று தன் கேட்போரைச் சேர்த்துவிட்டார். எமது தங்கைமாருக்கு அந்த முப்பது வருடத்துக்கு முதற் படியில் நிற்கும்போது கைகொடுக்க ஆள் வேண்டும்.

இங்கேதான் சங்கம் வருகிறது. எங்கள் சமூகத்தில் விழா அமைப்பவர்கள் மண்டபத்துக்குக் காசு கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கு, பூமாலைக்கு, ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுப்பார்கள். பாடுகிற பிள்ளையிடம் மட்டும், "எங்கட பிள்ளைதானே, உமக்கும் ஒரு மேடை கிடைச்ச மாதிரி" என்பார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடையைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் வாடகையாகக் கொடுக்க முடியாது. எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதையையாவது நினைத்துப் பாருங்கள். யாழ்பாடி ஒருவன் பாடினான், மன்னன் மகிழ்ந்து மணற்றியைப் பரிசாகக் கொடுத்தான் என்பது ஐதீகம். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கிறார்களோ இல்லையோ, பாட்டுக்குக் கூலியாக ஒரு நிலத்தையே கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊர்க்காரர் நாம்.

இனி எமது நேரம் முடிகிறது. தலைவி மணிக்கூட்டைப் பார்க்கிறார். அடுத்து மேடைக்கு வருபவர் எமது கல்லூரியின் பழைய மாணவி. இன்று பாடப்போகும் பாட்டுகள் எல்லாம் அவருடைய சொந்த ஆக்கங்கள். அவருக்குரிய பணம் போன கிழமையே வங்கியில் வைப்பிலிடப்பட்டுவிட்டது என்று பொருளாளர் உறுதிப்படுத்துகிறார். அவருடைய இறுவட்டு வாசலடியில் இருக்கிறது. விற்பதற்கு உயர்தர மாணவியர் இருவர் நிற்கிறார்கள், இலவசப் பிரதி கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். கைத்தொலைபேசியில் முழுப் பாட்டையும் பிடித்து வட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம். கச்சேரி முடிந்ததும் அவரைச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். சொல்ல விரும்புவதை ஒரு துண்டில் எழுதி அந்தப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பத்து மணிக்கு அவர் படுக்கவேண்டும் என்பது எமது உத்தரவு.