ஓட்டக் களத்துக்குப் போகும் காருக்கு எந்த பிரேக்?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கிள்ளானிலும் சிரம்பானிலும் மோட்டார் பட்டறைகளில் வேலை பார்க்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் ஓட்டக் களத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு வருகிறது. ஆசை தவறன்று. ஆனால், "பெரிய பிரேக் போடாவிட்டால் ஆபத்தாம், சீட்டுப் பணத்தைக் கேட்கிறான், கொடுக்கலாமா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது?

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சைக்கிள் சக்கரத்தின் விளிம்பை இரண்டு ரப்பர் கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன அல்லவா? காரிலும் அப்படித்தான். சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டுக்கு டிஸ்க் என்று பெயர். அதைக் கவ்வும் இடுக்கிதான் கேலிப்பர். நாம் மிதியை அழுத்தும்போது, குழாயிலுள்ள பிரேக் எண்ணெய் அந்த அழுத்தத்தை இடுக்கிக்குக் கொண்டு போகிறது. 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது இத்தகைய வட்டு பிரேக்கோடுதான்.

ஓடும் காரின் வேகம் எங்கே போகிறது? வெப்பமாக மாறுகிறது. மஸ்டா எம்.எக்ஸ்-5 போன்ற சிறிய கார் ஆளோடு சேர்த்து 1,050 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 160 கிலோமீட்டர் வேகத்தை 80-க்குக் குறைத்தால், அந்த ஒரு மிதியில் உண்டாகும் வெப்பம் இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். சிப்பாங்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், திருப்பங்கள் 15. வட்டு ஆறுவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி மேட்டிலிருந்து இறங்கும்போது தீய்ந்த வாடை வருமே, அதே கதைதான்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறோம். அம்மாவின் சேமிப்பையும் சேர்த்து, 1990-ஆம் ஆண்டின் 1.6 லிட்டர் எம்.எக்ஸ்-5 காருக்குப் பெரிய சிவப்புக் கேலிப்பர் வாங்கினார். 14 அங்குலச் சக்கரத்துக்குள் அது நுழையவில்லை. சக்கரமும் டயரும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. அத்தனையும் போட்டு ஓட்டினார். ஐந்தாவது சுற்றில் மிதி அடிவரை இறங்கிவிட்டது. கார் சரளைக்குள் போய் நின்றது. நல்ல வேளை, காயமில்லை. காரணம் என்ன? பல ஆண்டு மாற்றாத பழைய எண்ணெய்!

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவியை அழுத்தலாம், அது வட்டைப் பிடிக்காது. மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால், அது வேறு கோளாறு. கட்டைதான் வெப்பம் தாங்கவில்லை.

ஆகவே முதற்செலவு எண்ணெய்க்கும் களத்துக்கேற்ற பிரேக் கட்டைக்கும்தான். அந்தக் கட்டை குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது, கிறீச்சென்று கத்தும். காலையில் சந்தைக்குப் போகும் காருக்கு அது வேண்டாம்.

அதற்குப் பிறகும் சூடு அடங்காவிட்டால் வட்டை மாற்றலாம். அந்த 1.6 லிட்டர் காரின் முன்வட்டு 235 மில்லிமீட்டர். அதே காரின் பிந்திய 1.8 லிட்டர் வகைக்கு 255 மில்லிமீட்டர். அந்த வட்டை அதற்குரிய தாங்கியோடு பூட்டினால் 14 அங்குலச் சக்கரத்துக்குள்ளேயே அடங்கும். வட்டின் எடை கூடுவதால் அதிக வெப்பத்தைத் தாங்கும். பழைய கார் உடைக்கும் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். ஆனால் வட்டின் கனத்தை அளந்து பார்க்காமல் வாங்கக்கூடாது.

பெரிய கேலிப்பரை முன்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் பிடிப்பெல்லாம் முன்னால் போய்விடும். பின்பிரேக் சும்மா இருக்கும். அதன் பிஸ்டன்கள் பெரிதானால் மிதியும் ஆழமாக இறங்கும். இன்னொன்று: இப்போதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பூட்டி நிறுத்துமானால், ஒரே ஒரு முறை நிற்கும் தூரத்தை எந்தக் கேலிப்பரும் குறைக்காது. அது டயரின் வேலை. துளை போட்ட வட்டு பார்க்க அழகுதான். ஆனால் களத்துச் சூட்டில் துளைகளைச் சுற்றி வெடிப்பு விடும். கீறல் வரி போட்டதே மேல்.

ஓட்டி முடிந்ததும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வட்டை ஆறவிட வேண்டும். வண்டியை நிறுத்தியவுடன் கைபிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தால் போதும்.