முதற்பொருள் அறியும் வகுப்பறை
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் என்று அறியாமல் ஒரு பாடலின் உணர்வை அறிதல் அரிது. கவிதைக்குக் கூறப்பெற்ற இவ்விலக்கணம் அறிவியலுக்கும் பொருந்தும். எங்கே கண்டது, எப்போது கண்டது என்னும் குறிப்பு இல்லாத அளவீடு ஆய்வாளனுக்குப் பயன்படுவதில்லை. ஆயினும் பள்ளி அறிவியல் பாடத்திலும் தேர்விலும் பெரும்பாலும் விடுபட்டுப் போவன இவ்விரண்டுமே. ஒரு திணைக்கே பெயர் தந்த மலர் பூக்கும் பழனி மலைத்தொடரைச் சான்றாகக் கொண்டு இக்குறையை ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலில் நிலம். நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ் என்பது மாணவர் அனைவரும் மனப்பாடம் செய்யும் விடை. கடல் மட்டத்தில் அது சரி. பழனி அடிவாரத்தில் அது ஏறத்தாழ 99 டிகிரி. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலோ 93 டிகிரியை ஒட்டியே நீர் கொதித்துவிடுகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக்குறையக் கொதிநிலையும் தாழ்கிறது. மலைமேல் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். பேருந்து மலையேறும்போது கையில் உள்ள சிப்ஸ் பொட்டலம் உப்பி நிற்பதும் இதே காற்றழுத்தம் காட்டும் வேடிக்கை. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் அடுப்பும் பொட்டலமும் உண்டு.

கொடைக்கானல் மாணவி ஒருத்தி வெப்பமானி கொண்டு தானே அளந்து, தேர்வுத்தாளில் 93 என்று எழுதுகிறாள் எனக் கொள்க. விடைக்குறிப்பில் இருப்பது 100. அவளுக்கு மதிப்பெண் உண்டா, இல்லையா? இல்லை என்றால், கண்ணால் கண்டதை விடுத்து ஏட்டில் உள்ளதை நம்பு என்று அவளுக்குக் கற்பிக்கப்படுகிறது. அறிவியலின் பெயரால் அறிவியலுக்கு நேர்மாறான பாடம் அது. வினாவைச் சற்றே மாற்றினால் போதும்: ‘பழனியிலும் கொடைக்கானலிலும் நீரின் கொதிநிலையை அளந்தால் எங்கே குறைவாக இருக்கும்? ஏன்?’ இதற்கு மனப்பாடம் துணை வராது. சிந்தனையே துணை வரும்.

அந்த வெப்பமானிக்கும் இவ்வூரில் ஒரு வரலாறு உண்டு. பாதரச மாசு வெளிப்பட்டதையடுத்து, கொடைக்கானலில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தின் பண்புகளைப் பட்டியலிடச் சொல்வதோடு, அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும் தன்மை தொழிலாளர்க்கும் நீர்நிலைகளுக்கும் என்ன செய்யும் என்று வினவினால், வேதியியல் வாழ்வோடு இணைகிறது.

அடுத்துப் பொழுது. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், சூரியனில் நிகழும் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. மழை பொய்ப்பதை முன்னரே அறியலாம் என்ற அந்த நம்பிக்கையும் சேர்ந்தே கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவாயிற்று. மிச்சி ஸ்மித் தேர்ந்த இடத்தில் 1899இல் அது நிறுவப்பட்டது. 1901இல் நோக்குப்பணி தொடங்கியது. மழையை முன்னறிவிக்கும் எளிய சூத்திரம் எதுவும் அங்கே கிட்டவில்லை. ஆனால் 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகளின் புறப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதனை அழைக்கிறது. தேடியது ஒன்று, கிட்டியது மற்றொன்று. எதிர்பார்த்த விடைக்கு மட்டுமே மதிப்பெண் என்ற நம் தேர்வு முறையில் அந்த ஆய்வகமே தோற்றிருக்கும்!

இம்மலையிலேயே மற்றொரு காலக்கணக்கும் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பூப்பது. சூரியப் புள்ளிகள் ஏறி இறங்குவது ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இரண்டுக்கும் தொடர்பு உண்டோ? குறிஞ்சி பூத்த ஆண்டுகள் 1994, 2006, 2018. புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டுகள் 1996, 2008, 2019. பூத்து முடிந்த ஓரிரு ஆண்டுகளில் சூரியன் அடங்குகிறது. தொடர்பு உண்டு என்றே மாணவர் துள்ளுவர். அப்போது ஆசிரியர் செய்யவேண்டுவது ஒன்றுதான்: இன்னும் பின்னே போகச் சொல்லுதல். 1982இல் பூத்தது, புள்ளிகள் மிகக் குறைந்ததோ 1986இல். 1970இல் பூத்தபோது, புள்ளிகள் உச்சத்தைத் தொட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினொன்றும் பன்னிரண்டும் சிறிது காலம் கைகோத்து நடந்து, பின் பிரிந்துவிடுகின்றன. மூன்று சான்றுகள் மயக்கும். ஐந்து சான்றுகள் தெளிவிக்கும். செலவில்லாத இப்பாடம் ஒரு பருவத்துப் பாடத்திற்கு நிகராகும்.

இவ்வாறு கற்பித்தல் கனவன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டத்தில் மாணவர் சோதனை செய்தே கற்றனர். புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினர். செய்முறைத் தேர்வும் நடந்தது. திறந்த புத்தகத்தில் விடை கிடைக்காத வினாவை அமைப்பதே அங்கு ஆசிரியரின் திறம். அத்திட்டம் 2002இல் அரசால் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலோ 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வளரறி மதிப்பீடும் வந்தது. நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அன்றாடச் செயல்பாட்டிற்கு ஒதுக்கப்பட்டது. வாயில் திறந்தது உண்மை. ஆயின் கடையில் வாங்கி ஒட்டிய படத்திற்கும், மாணவன் தானே அளந்து பிழைபட எழுதிய குறிப்பிற்கும் ஒரே மதிப்பெண் என்றால் வாயில் திறந்தும் பயனில்லை. நாள், இடம், கண்டது, கருதியது, ஐயம் என ஐந்து பத்திகள் கொண்ட நோட்டுப்புத்தகம் ஒன்று போதும். ‘ஐயம்’ என்ற பத்திக்கு மிகுதியான மதிப்பெண் தருக.

இதில் கவிஞர்க்கு என்ன பங்கு என வினவலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி நிரல்படுத்தினார். பொதுவாகப் ‘பூ’ என்று கூறி அவர் அமையவில்லை. உற்று நோக்கிப் பெயரிடும் அப்பழக்கமே அறிவியலின் தொடக்கம். மலையூர் முதியோர் நாவில் வழங்கும் செடிப்பெயர், காற்றுப்பெயர், மழைப்பெயர்களைத் திரட்டி வகுப்பறைக்குத் தருதல் இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்க பணி.

குறிஞ்சி மீண்டும் பூக்க வேண்டிய ஆண்டு 2030. பள்ளிப் படிப்பும் பன்னிரண்டு ஆண்டு. குறிஞ்சியின் காலமும் பன்னிரண்டு ஆண்டு. ஆகவே ஒரு குழந்தை தன் பள்ளிப் பருவத்தில் அதனைக் காண்பது ஒரே முறை. அவ்வாண்டுத் தேர்வில் ‘குறிஞ்சி எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்?’ என்று மட்டும் கேட்டு நிறுத்துவோமாயின், மலரும் வீண், வினாவும் வீண். ‘நீ கண்டதை எழுது, எங்கே, எப்போது கண்டாய் என்பதையும் எழுது’ என்று கேட்கும் வகுப்பறை அதற்குள் அமையட்டும்.