சுவடியும் ஓர் ஏடும்



வைசூரி என்றால் நம் முன்னோர் நடுங்கினர். வேப்பிலை சொருகி, அம்மாளாச்சியை வேண்டி அடங்கியிருந்தனர். அக்கொடுநோய் உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை 1980ஆம் ஆண்டு மே 8ஆந் திகதி பிரகடனஞ் செய்தது. நோய் ஒழிந்தது, வித்து ஒழியவில்லை. அமெரிக்காவில் ஒன்றும் ருசியாவில் ஒன்றுமாக இரண்டு ஆய்வுகூடங்களில் அவ்வைரசு இன்றும் பூட்டி வைக்கப்பட்டுள்ளது. அதன் இனத்ததாகிய குரங்கம்மையோ 2022இலும் 2024இலும் சர்வதேச அவசரநிலையை விளைத்தது.

ஆகவே ஆராய்ச்சி வேண்டும். ஆயின் உயிர்ப்புள்ள வைரசைக் கையாளுதல் ஆபத்தானது. பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், வைசூரி ஆய்வுகூடம் இருந்த கட்டடத்திலே பணிபுரிந்த புகைப்படக் கலைஞர் ஒருவர் 1978இல் அந்நோய் கண்டு இறந்தார்.

இவ்விக்கட்டினின்றும் மீள ஒரு வழியைத் தருவது மீளச்சேர்த்த புரதம். அம்மை வைரசை ஏறக்குறைய இருநூறு ஏடுகள் கொண்ட சுவடியாகக் கொள்வோம். ஏடு ஒவ்வொன்றும் ஒரு பரம்பரையலகு. ஒரு புரதத்தை ஆக்கும் விதியைக் கூறுவது. விஞ்ஞானிகள் ஓர் ஏட்டை மாத்திரம் படியெடுத்து, பற்றீரியாவினுள்ளோ பூச்சிக் கலத்தினுள்ளோ புகுத்துவர். அக்கலம் ஆக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்குவர். தனிப்புரதம் பெருகாது, நோய் தராது. குருதியில் பிறபொருளெதிரிகள் உளவா என்று அறியவும், புதிய தடுப்பு மருந்துகளைச் சோதிக்கவும் அது உதவும்.

எனினும் ஓர் ஏடு முழுச் சுவடியாகாது. இவ்வைரசு இரு வடிவில் உலாவுவது. ஒன்று மற்றையதினும் மேலதிகமாக ஓர் உறை போர்த்தது. எல்-1 என்னும் புரதம் முதல்வடிவின் மேற்பரப்பிலும், பி-5 என்பது உறைபோர்த்த வடிவிலும் உள்ளன. இருவடிவப் புரதங்களையும் சேர்த்துக் கொடுத்தபோதே எலிகள் சிறந்த பாதுகாப்புப் பெற்றன. எல்-1 தன் இயல்பான மடிப்பை இழப்பின், வைரசைத் தடுக்கவல்ல பிறபொருளெதிரிகள் அதனை இனங்காணமாட்டா.

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஓர் ஏட்டைப் படியெடுக்கும் கலை வளர்ந்து, முழுச் சுவடியையும் எழுதவல்லதாயிற்று. கனடா நாட்டு ஆய்வாளர், விலைக்கு வாங்கிய டீ.என்.ஏ. துண்டுகளை இணைத்துக் குதிரையம்மை வைரசையே ஆக்கிய செய்தியை 2018இல் ஆய்வேட்டில் வெளியிட்டனர். பூட்டு மாத்திரம் இனிக் காவலாகாது. கற்பவன் கையிலுள்ள வல்லமையை அவன் நெஞ்சிலுள்ள பொறுப்பே காக்க வேண்டும். விஞ்ஞானத்தோடு அப்பொறுப்பையும் ஊட்டுவது கல்விக்கூடங்களின் கடன்.